தடை என்று நான் எழுதிய மரம்

சோலார் தகடு போடுகிறவன் வெயிலில் பிழைக்கிறான் என்று ஊர் நினைக்கிறது. உண்மையில் அவன் காலையிலிருந்து மாலை வரை அளப்பதெல்லாம் நிழலைத்தான்.

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் ஒரு வளையல் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். யாராவது தகடு வேண்டும் என்று கேட்டால் முதலில் அவர்கள் மொட்டைமாடிக்குப் போகிறவன் நான். பத்து மணிக்கு, பன்னிரண்டுக்கு, இரண்டுக்கு என்று மூன்று முறை, பக்கத்து வீடு, தண்ணீர்த் தொட்டி, மரம் எதன் நிழல் எதுவரை வருகிறது என்று பார்த்துத் தரையில் சாக்பீஸால் கோடு போடுவேன். இதற்கெல்லாம் செல்போனில் ஆப் வந்துவிட்டது. எனக்கென்னவோ கோடு போட்டால்தான் மனசு ஒப்புகிறது. கேபிள்காரர்களே, தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவர்களே, அடுத்தவர் மாடிப்படி ஏறியே முழங்கால் தேய்ந்த நீங்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். உங்களிடம் சொன்னால் புரியும். இந்தக் கதைகளில் ஒரு மரம் வருகிறது. அதை வெட்டக் காரணமான காகிதத்தில் இருப்பது என் கையெழுத்து.

இரண்டு அரசுக்கு நடுவே

சரஸ்வதிபுரத்தில் ஒரு பணி ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார் என்னைக் கூப்பிட்டிருந்தார். மாடி தங்கமான மாடி. ஒரு பொட்டு நிழல் இல்லை. அங்கிருந்து பார்த்தால் சாமுண்டி மலை கண்ணை மூடிக்கொண்டு வெயில் காய்கிற மாதிரி தெரிந்தது. நான் கீழே வந்து, நிலக்கரி எரிப்பதால் பூமி சூடாகிறது என்பதில் தொடங்கி மத்திய அரசு மானியம் வரை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அவர் காபி கொடுத்து முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, அலமாரியிலிருந்து கரண்ட் பில்லை எடுத்து என் முன் வைத்தார். மாநில அரசின் இலவச மின்சாரத்தில் பில் சுழியமாக இருந்தது.

வீட்டுக்கு வீடு இந்தச் சுழியத்தைப் பார்த்திருக்கிறேன். ஏழை வீட்டில் பார்த்தால் சந்தோஷமாகவும் இருக்கும், என் வேலையை நினைத்தால் கவலையாகவும் இருக்கும். வாத்தியார் என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்க வேண்டும். இன்னொரு டம்ளர் காபி ஊற்றிக்கொண்டே சொன்னார்: "ஒரு அரசு கரண்டை சும்மா குடுக்குது. இன்னொரு அரசு கரண்டே வேண்டாம், தகடு வாங்கிக்கோன்னு காசு குடுக்குது. ரெண்டு பேரும் பேசி முடிக்கட்டும், அதுவரைக்கும் நீங்க காபி சாப்பிடுங்க."

மார்டள்ளியில் ஒரு மேகம்

தமிழ்நாட்டு எல்லையோரக் கிராமமான மார்டள்ளியில் சின்னராசு என்கிற விவசாயிக்கு சோலார் பம்பு போட்டோம். அதற்கு முன்னால் அவருக்குக் கரண்டு எப்போது வரும் என்று கரண்டுக்கே தெரியாது. பம்பு ஓட ஆரம்பித்ததும் தண்ணீர் வெள்ளியாய்க் கொட்டியது. நான் வரப்பில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சூரியன் மேலே, அதன் வேலை கீழே, நடுவில் கம்பியும் இல்லை, கம்பமும் இல்லை. இந்தத் தொழிலுக்கு வந்தது வீண்போகவில்லை என்று அன்றைக்குத் தோன்றியது.

அப்போது பெரிய வெள்ளை மேகம் ஒன்று சாவகாசமாக வந்து எங்கள் தலைக்கு மேலே நின்றது. தண்ணீர் மெலிந்து, நூலாகி, நின்றேவிட்டது. சின்னராசு கையை நெற்றியில் வைத்து மேகத்தைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. உண்மையிலேயே சந்தேகம் கேட்கிற குரலில் கேட்டார்: "ஏனுங்க, இத்தனை நாளும் கரண்டு நின்னா லைன்மேனை நாலு வார்த்தை வஞ்சுட்டு மனசை ஆத்திக்குவோமுங்க. இப்ப இதுக்கு யாரைங்க வையறது?"

பன்னிரண்டு மணிக்காகக் காத்திருந்தபோது

மைசூரில் எங்கள் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கிற ஒரு தெருவில் அவர்கள் சங்கத்துக்குச் சொந்தமான சமுதாயக் கூடம் உண்டு. கரண்ட் பில் தாங்காமல் அங்கே பிள்ளைகளின் மாலை டியூஷனை நிறுத்தியிருந்தார்கள். தகடு போட்டால் மறுபடி நடத்தலாம். சங்கத் தலைவர் பெருமாள் மேஸ்திரி, கட்டட வேலைக்காரர், என்னை அழைத்துப்போய் மாடியில் விட்டார். தெற்குச் சுவரை ஒட்டி, பக்கத்து வீட்டு வாசலில், நெடுநெடுவென்று ஒரு மரமல்லி. கார்த்திகை மாதம். மரம் முழுக்கப் பூ.

பத்து மணிக் கோட்டைப் போட்டுவிட்டுப் பன்னிரண்டுக்காகக் காத்திருந்தேன். இந்த இடைவேளைதான் என் தொழிலின் சுகம். தொட்டி நிழலில் தலையை வைத்துப் படுத்தேன். மைசூரின் அத்தனை மாடிகளும் நீலத் தகடு போர்த்திக்கொண்டு ஏரியாகக் கிடப்பதாகவும், அதன்மேல் கொக்குகள் ஏமாந்து இறங்குவதாகவும் அரைத் தூக்கத்தில் ஒரு காட்சி வந்தது. கண் விழித்தபோது மார்மேல் நாலைந்து பூக்கள். நான் போட்ட கோட்டின்மேலும் பூக்கள். அந்த வாசனையில் இரண்டு மணிவரைகூட எழுந்திருக்க வேண்டாம் போலிருந்தது.

எட்டிப் பார்த்தேன். கீழே மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு அம்மா கண்மூடி உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லா அக்கா, ஆஸ்பத்திரி நர்ஸ். வாரம் ஐந்து நாள் நைட் டியூட்டி. பகலில்தான் தூங்க வேண்டும். வீட்டுக் கூரை சிமெண்ட் ஷீட்டு. அதன்மேல் குடையாகக் கவிந்திருப்பது இந்த மரம். என்ன செய்கிறேன் என்று கேட்டார். நிழல் அளக்கிறேன் என்றேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "அது நிழல் இல்ல தம்பி. என் தூக்கம். பார்த்து அளங்க."

ஒரே ஒரு கட்டம்

எங்கள் படிவத்தில் 'தடை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் என்ன தடை, எத்தனை அடி என்று எழுத வேண்டும். அந்தத் தடைக்குக் கீழே யாராவது தூங்குகிறார்களா என்று கேட்க அதில் கட்டம் இல்லை.

வடக்குப் பாதியில் மட்டும் தகடு போடலாம், டியூஷனுக்கு அது போதும் என்று பெருமாளிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. திறப்பு விழாவுக்கு இரண்டு கட்சிக்காரர்களும் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். மானியம் எங்களுடையது என்று ஒரு கட்சி, கூடம் எங்கள் நிதியில் கட்டியது என்று இன்னொரு கட்சி. பாதி மாடியைக் காட்டினால் மரியாதை இல்லையாம். நான் இன்னும் கொஞ்சம் வாதாடியிருக்கலாம். அலுவலகத்தில் அந்த மாதம் என் பெயரில் ஒரு வேலையும் முடியவில்லை. 'தடை: மரம். அகற்றினால் முழுத் திறன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெட்ட அனுமதி நாலே நாளில் வந்தது. அரசாங்கக் காகிதம் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் மரம் அக்காவின் மனையில் நிற்கிறது. அவர் முடியாது என்றால் முடியாது. முடியாது என்று சொல்ல வேண்டும் என்று எனக்குள்ளே வேண்டிக்கொண்டே பெருமாளோடு போனேன். அக்கா அடிமரத்தில் கையை வைத்தார். பிறகு சொன்னார்: "நான் ஒருத்தி தூங்கறதுக்காகப் பிள்ளைங்க படிக்காம இருக்க வேண்டாம். வெட்டிக்கோங்க. பகல்ல கூடத்துல ஃபேனுக்குக் கீழே எனக்குப் பாய் போட இடம் மட்டும் குடுங்க."

திறப்பு விழா

தை மாதத்தில் விழா. மரம் போனதில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்திருந்தது. பஸ் போகிற பெரிய ரோட்டிலிருந்து கூடத்தின் தெற்குப் பக்கம் பளிச்சென்று தெரிய ஆரம்பித்துவிட்டது. வார்டிலேயே பேனர் கட்ட இதைவிட நல்ல இடம் கிடையாது. மாடியின் தெற்குக் கைப்பிடிச் சுவரில் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கில் இரண்டு பேனர்கள், தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன. இரண்டிலும் தலைவர்கள் சூரியனைப் பார்த்துக் கும்பிட்டார்கள். இரண்டிலும் பசுமை என்ற வார்த்தை இருந்தது.

கைதட்டல் எல்லாம் முடிந்து பன்னிரண்டு மணிக்கு மாடியேறினேன். தகட்டு வரிசைகளில் முதல் வரிசை நிழலில் கிடந்தது. ஒரு தகட்டில் நிழல் விழுந்தாலே அந்த வரிசை மொத்தமும் சோர்ந்துபோகும். இங்கே வரிசையே நிழலில். அந்த வரிசைக்கான மீட்டர் பெயருக்கு ஏதோ காட்டியது. பெருமாளைக் கூப்பிட்டு பேனர்களை இறக்கச் சொன்னேன். அவர் என்னைக் குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "எதை சார் மொதல்ல இறக்கறது? இவங்களத இறக்கினா இவங்க முறைப்பாங்க, அவங்களத இறக்கினா அவங்க. சும்மனே விடுங்க, காத்துல கிழியட்டும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பந்திக்கு இறங்கிப் போனார்.

ஸ்டெல்லா அக்கா மேலே வந்தார். கீழே மைக் செட் அலறியதில் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. தகடுகளின் கால்களுக்கு நடுவே நான் கார்த்திகையில் போட்ட பன்னிரண்டு மணிக் கோடு மழை படாமல் அப்படியே இருந்தது. பேனரின் நிழல் ஏறக்குறைய அதே கோட்டில் வந்து நின்றிருந்தது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அவர் கோட்டையும் நிழலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பாயை அந்த நிழலில் விரித்தார். படுத்துக்கொண்டே சொன்னார்: "என் மரமும் இங்கதானே தம்பி நிழல் போட்டுச்சு. அதுலயாவது பூ விழுந்துச்சு."

அன்றே ஒரு புதுப் படிவம் எடுத்து, 'தடை: பேனர் இரண்டு, அகற்றினால் முழுத் திறன்' என்று எழுதிக் கொடுத்தேன். மரத்துக்கு நாலே நாளில் வந்த அனுமதி, துணிக்கு இன்னும் வந்தபாடில்லை.