கலைமதி பிடுங்காத ஒயர்

கலைமதியை எங்கள் கல்லூரியில் யாருக்கும் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. பதினோரு வருடமாக ஒரே மாடியில் வேலை பார்க்கிறோம், நான் நூலகத்தில், அவள் பக்கத்து அறையான கம்ப்யூட்டர் லேபில். அந்தப் பதினோரு வருடத்தில் அவள் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை கேட்ட ஞாபகம் எனக்கில்லை. பையன்கள் அவளுக்கு 'மொளகாப்பொடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். செருப்போடு லேபுக்குள் வந்தவனை அவன் அப்பாவுக்கு எதிரிலேயே வெளியே நிறுத்தியவள்.

நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில், மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற தனியார் கல்லூரி எங்களுடையது. கலைமதிக்கு வத்தல்மலை அடிவாரத்தில் ஒரு ஊர். வீட்டில் தக்காளியும் சாமந்தியும் போடுவார்கள். தர்மபுரியில் பி.சி.ஏ. முடித்துவிட்டு லேப் அசிஸ்டென்டாக வந்தாள். வந்த அன்று என்ன பதவியோ அதுதான் இன்றுவரை.

ஆனால் வேலை தெரிந்தவள். அதையும் சொல்லவேண்டும். லேபில் அறுபது கம்ப்யூட்டர். முன்பெல்லாம் புதிதாக விண்டோஸ் போட வேண்டுமென்றால் வெளியிலிருந்து ஆள் வந்து ஒவ்வொன்றிலும் பென்டிரைவைச் செருகி நாலைந்து நாள் உட்கார்ந்திருப்பார். கலைமதி ஒரு கோடை விடுமுறை முழுக்கத் தனியாக உட்கார்ந்து, சர்வரிலிருந்து நெட்வொர்க் ஒயர் வழியாகவே அறுபதுக்கும் ஒரே நேரத்தில் போடும் முறையைக் கற்றுக்கொண்டாள். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஆன் ஆனதும், தன் ஹார்ட் டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், ஒயர் வழியாக யாராவது கூப்பிடுகிறார்களா என்று பார்க்கும். சர்வர் கூப்பிட்டால், இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொள்ளும். நாலு நாள் வேலை ஒரு மதியத்தில் முடிந்தது. அவளை யாரும் பாராட்டவில்லை. அவளும் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை.

இதில் இரண்டு விஷயங்களை அவள் ஒருநாளும் தவறவிட்டதில்லை. ஒன்று, ஆரம்பிப்பதற்கு முன்னால் லேபிலிருந்து கீழே ஆபீசுக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிவிடுவாள். ஆபீஸ் கம்ப்யூட்டர்களும் லேபுக்கு வாங்கியபோதே சேர்த்து வாங்கியவை. அவையும் ஆன் ஆனதும் முதலில் ஒயரைத்தான் பார்க்கும். இரண்டாவது, ஒவ்வொரு திரையிலும் 'போடவா?' என்று கேட்கும்படி வைத்திருப்பாள். யாராவது ஒரு பட்டனை அமுக்கினால்தான் அழிக்கும்.

போன வருடம் ஜூனில் மாதவராஜ் வந்தான். தாளாளருக்குச் சொந்தக்காரன், பெங்களூரில் இரண்டு வருடம் வேலை பார்த்தவன். சிஸ்டம் அட்மின் என்று புதிதாக ஒரு பதவி போட்டு, கலைமதிக்கு மேலே உட்கார வைத்தார்கள். வந்த முதல் நாளே அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து, "ஏம்மா, சர்வர் பாஸ்வேர்டு என்ன?" என்று கேட்டான். தன்னைவிட எட்டு வயது மூத்தவளை.

அவள் ஒரு பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்தாள். தப்பான பாஸ்வேர்டு. ஒரு வாரம் அவன் மல்லுக்கட்டினான். பிரின்சிபால் நஞ்சப்பன் கூப்பிட்டுச் சத்தம் போட்ட பிறகுதான் சரியானதைக் கொடுத்தாள். அதற்குப் பதிலாக அவன் அவளைக் கீபோர்டு தூசி ஊதச் சொன்னான். அவன் செய்த தப்புகளை அவள் கரும்பலகையில் ஒன்று, இரண்டு என்று எண்போட்டுப் பையன்கள் பார்க்க எழுதிவைத்தாள். இப்படியே நாலு மாதம். லேபைத் தாண்டிப் போகும்போது உள்ளே கொதிப்பது வெளியே தெரியும்.

அக்டோபரில் பல்கலைக்கழக ஆய்வுக்குழு வருவதாக இருந்தது. அதற்கு முந்தின புதன்கிழமை மதியம் அறுபது கம்ப்யூட்டரிலும் புது விண்டோஸ் போட மாதவராஜ் உட்கார்ந்தான். ஒவ்வொன்றாகப் போய்ப் பட்டனை அமுக்க அவனுக்குப் பொறுமையில்லை. கேட்காமலே அழித்துப் போடும்படி சர்வரில் மாற்றினான். அதைப் பார்த்துவிட்டுக் கலைமதி சொன்னாள்:

"சார், அப்படி மாத்தறதா இருந்தா ஆபீஸ் ஒயரப் புடுங்கிட்டு மாத்துங்க."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா புடுங்கியிருப்பீங்க."

அவன் எழுந்து நேராகப் பிரின்சிபால் அறைக்குப் போனான். அரை மணி நேரத்தில் கையில் ஒரு தாளோடு வந்தான். 'சர்வர் மற்றும் நெட்வொர்க் சாதனங்களைக் கலைமதி தொடக்கூடாது' என்று பிரின்சிபால் கையெழுத்தோடு இருந்தது. மாணவிகள் பிராக்டிகல் நோட்டோடு நிற்கும்போதே அதைக் கதவில் ஒட்டினான். ஒட்டிவிட்டு, "படிக்கத் தெரியுமில்ல?" என்று கேட்டான். நான் நூலக வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உள்ளே போய்ப் புத்தகங்களை அடுக்கினேன்.

அன்று சாயந்திரத்துக்குள் ஐம்பத்துநாலு முடிந்தது. ஆறு பாதியில் நின்றுவிட்டன. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சர்வரை ஓடவிட்டுவிட்டு அவன் கிளம்பிப் போனான். ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் அன்று பகல் முழுக்க ஆனில் இருந்ததால் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கலைமதி லேபைத் திறந்தாள். சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. ஆபீஸ் ஒயர் மாட்டியபடியே இருந்தது. என்ன நடக்கப்போகிறது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. கை நீட்டினால் எட்டும் தூரம். ஒயரைப் பார்த்தாள், கதவில் ஒட்டிய தாளைப் பார்த்தாள். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இதையெல்லாம் பின்னால் ஒருநாள் காலேஜ் பஸ்ஸில் அவளே என்னிடம் சொன்னாள்.

ஒன்பதே காலுக்குத் தீர்த்தம்மாள் மாடிக்கு வந்தாள். கீழே ஆபீசில் கிளார்க், ஐம்பத்தைந்து வயது. எங்கள் மாடியில்தான் வருகைப் பதிவேடு இருந்தது. கலைமதியிடம் முகம் கொடுத்துப் பேசுகிற ஒரே ஆள் அவள்தான்.

"என்ன கலை, காலையிலயே இப்படிக் குந்தியிருக்கற? சாப்டியா?"

"ஆச்சுங்கக்கா."

"என்னவோ, மூஞ்சே சரியில்ல." கையெழுத்துப் போட்டுவிட்டு தீர்த்தம்மாள் கீழே இறங்கிப் போனாள்.

பத்து நிமிடத்தில் கீழேயிருந்து அலறல் கேட்டது.

ஆறு வருடத்து டி.சி. பதிவுகள், போனஃபைடு, அந்த வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டிய அறுநூற்று நாற்பது பேரின் இன்டர்னல் மார்க், எல்லாம் போயிற்று. பென்டிரைவில் எடுத்து வைத்திருந்த நகல் மே மாதத்தோடு நின்றிருந்தது.

பிரின்சிபால் எல்லோரையும் அறைக்குக் கூப்பிட்டார். லேபுக்குப் பக்கத்து அறை என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார். மாதவராஜ் முந்திக்கொண்டான்: "சார், இந்தம்மாதான் வேணும்னே ஏதோ பண்ணியிருக்காங்க. எம்மேல காண்டு."

கலைமதி சர்வரில் பதிவாகியிருந்ததைப் பிரின்ட் எடுத்துக் கொண்டு வந்திருந்தாள். மேசைமேல் வைத்தாள். புதன் மதியம் இரண்டு பத்துக்கு மாதவராஜின் பெயரில் மாற்றம். வியாழன் காலை ஒன்பது இருபதுக்கு ஆபீஸ் கம்ப்யூட்டர் அழிப்பு. நடுவில் அவள் பெயர் எங்கேயும் இல்லை. பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாதவராஜின் முகம் வெளுத்தது. கலைமதிக்கு வாய்வரை சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன்.

அப்போது தீர்த்தம்மாள் கேட்டாள்: "நான் கையெழுத்துப் போட வந்தப்ப நீ அங்கதான குந்தியிருந்த? ஒயரு மாட்டியிருந்தது உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"தொடக்கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்குதுங்கக்கா. சார் கையெழுத்து."

"ஒயரத் தொடக்கூடாதுன்னு எழுதியிருந்துச்சு. எங்கிட்டப் பேசக்கூடாதுன்னும் எழுதியிருந்துச்சா? அக்கா, ஆன் பண்ணாதன்னு ஒரு வார்த்த. சாப்டியான்னு கேட்டனே, அப்பவாவது."

கலைமதி மேசைமேலிருந்த பிரின்ட்டை எடுத்து நாலாக மடித்தாள்.  

அன்று மதியம் முழுக்க ஆபீஸ் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பழையதை மீட்கப் பார்த்தாள். கிடைத்ததெல்லாம் எண்களை மட்டுமே பெயராகக் கொண்ட உடைந்த ஃபைல்கள். திறந்தால் பாதிப் பக்கம், மீதி கட்டம் கட்டமாகக் குப்பை. வெள்ளி காலை ஆய்வுக்குழு வந்து, டீ குடித்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் யாரும் சொல்லாமலே ஆபீசுக்குப் போய் உட்கார்ந்து மார்க்கை மறுபடி அடித்துக் கொடுத்தாள். தீர்த்தம்மாள் ஆசிரியர்களின் நோட்டைப் பார்த்துப் படிப்பாள், கலைமதி அடிப்பாள். பதினெட்டு, இருபத்திரண்டு, ஆப்சென்ட், பத்தொன்பது. எண்களைத் தவிர வேறு வார்த்தை கிடையாது. டீ வந்தபோது தீர்த்தம்மாள் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு வராண்டாவுக்குப் போய்விட்டாள். மார்க் இரண்டு நாள் தாமதமாகப் போனது. விளக்கக் கடிதம் தீர்த்தம்மாள் பெயரில்தான் கேட்டார்கள்.

மாதவராஜுக்கு ஒன்றும் ஆகவில்லை. தாளாளர் வீட்டு ஆள். கதவிலிருந்த தாளைக்கூட யாரும் எடுக்கவில்லை. மார்ச்சில் ஓசூரில் வேறு வேலை கிடைத்து அவனாகவே போனான். போகும்போது சர்வர் பாஸ்வேர்டை மாற்றிவிட்டுப் போனான். கலைமதி அதை உடைத்துத் திறக்க இரண்டு நாள் ஆயிற்று.

"நான் அவனத்தான் மாட்டிவிட நெனச்சேன்" என்று பஸ்ஸில் என்னிடம் சொன்னாள். அதியமான்கோட்டை தாண்டிக்கொண்டிருந்தது. "தீர்த்தக்கா வந்து சாப்டியான்னு கேட்டப்ப, நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அவன் படிக்கத் தெரியுமில்லன்னு கேட்டதும் கூடவே ஞாபகம் வந்துச்சு. முழுங்கிட்டேன்."

"மன்னிப்புக் கேட்டியா?"

"கேட்டேன். 'பதினெட்டு, அடி'ன்னாங்க."

ஜூலையில் ஆபீஸ் கம்ப்யூட்டர் மறுபடி மக்கர் செய்தது. மேலே லேபில் கலைமதி சும்மாதான் இருந்தாள். தீர்த்தம்மாள் அவளிடம் சொல்லி அனுப்பவில்லை. தர்மபுரியில் கடை வைத்திருக்கும் அப்துல் சுபானைப் போன் போட்டு வரவழைத்தாள். அவர் பென்டிரைவோடு வந்து உட்கார்ந்து, "மாடியில சர்வரே இருக்குதேம்மா, அங்கிருந்தே போட்டுக்கலாமே?" என்று கேட்டார்.

"வேணாங்க பாய். நீங்களே போடுங்க" என்றாள் தீர்த்தம்மாள்.

நான் ஒரு கடிதத்துக்கு முத்திரை வாங்க அங்கே நின்றிருந்தேன். கலைமதி லேப் மாணவர்களின் வருகைத் தாளைக் கொடுக்க வந்து வாசலிலேயே நின்றிருந்தாள். தாளை என் கையில் கொடுத்து உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு, மாடிப்படி ஏறிப் போனாள்.