‘விடு’ என்ற ஏவலும் எங்கள் ஹாக்கி அணியும்

உத்திரமேரூருக்கு அருகில் ஒரு பெண்கள் பள்ளியில், விடுப்பில் சென்ற தமிழாசிரியைக்குப் பதிலாக ஓராண்டு பணியாற்றினேன். பிளஸ் டூ வகுப்புகள் தொடங்கியிருந்த புதிது. முதல் நாளே தலைமையாசிரியை என் கையில் ஒரு விசிலைக் கொடுத்தார்.

“பி.டி. டீச்சர் பிரசவத்துக்குப் போயிருக்காம்மா. ஹாக்கி டீமை நீதான் பாத்துக்கணும்.”

“நான் படித்தது இலக்கியம், அம்மா.”

“இலக்கியத்துல போர் வருதில்ல? அதேதான்.”

ஆட்ட விதிகளை, உரையோடு செய்யுள் படிப்பதுபோல, இருமுறை படித்துவிட்டுத் திடலில் இறங்கினேன்.

1. கணிப்பு

மாவட்ட லீக்கில் ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு அணிகளே செமிஃபைனலுக்குப் போகும். “செமி வருமா?” என்று தலைமையாசிரியை வாரந்தோறும் கேட்பார். தெளிவில்லாத விடை கூறுவது எனக்குப் பழக்கமில்லை.

“பிளஸ் டூ பெண்கள் ஆடினால் இவ்வாண்டு வரலாம், அவர்கள் அத்துடன் பள்ளியை விட்டுப் போய்விடுவார்கள். எட்டாம் வகுப்புப் பெண்களை ஆடவைத்தால் இப்போது ஐயம், பின்னர் உறுதி.”

“பின்னர்ங்கறப்ப நான் ரிடையர் ஆயிருப்பேன். செமி வரலேன்னா அதோட ஹாக்கி கெடையாது. ஸ்டிக்கையெல்லாம் பசங்க ஸ்கூலுக்குக் குடுத்துட்டு கோ-கோ ஆடட்டும்.”

ஆகவே பெரியவர்கள் ஏழு பேரையும் சின்னவர்கள் நால்வரையும் கலந்தேன். அந்த நால்வரில் ஒருத்தி மாகறலிலிருந்து பஸ்ஸில் வரும் அஞ்சலை, கோலுக்கு முன்னால் நின்று தடுக்கும் ஃபுல் பேக். பிளஸ் டூ மல்லிகா அவளை விடமாட்டாள்.

“ஏய் குள்ளச்சி, நீ ஸ்டிக்க தூக்கிக்கினு வரியா, ஸ்டிக்கு உன்ன தூக்கிக்கினு வருதா?”

“நான் வளந்துருவேன்க்கா. நீ இன்னா பண்ணுவ?”

2. ஏவல்

கடைசி லீக் ஆட்டம் காஞ்சிபுரத்தில். சமன் செய்தாலே செமி. இறுதி நிமிடங்கள் வரை இரு பக்கமும் கோல் இல்லை. அப்போது எதிரணி அடித்த பந்து ஒன்று, வேறெவர் ஸ்டிக்கிலும் படாமல், எங்கள் கோலுக்குப் பக்கவாட்டில் எல்லைக்கோட்டை நோக்கி உருண்டது. அது தானாக வெளியே போனால் அடுத்து பந்தை அடிக்கும் உரிமை எங்களுக்கு. அதைத் துரத்திக்கொண்டு அஞ்சலை ஓடினாள். வாழ்க்கையில் முதன்முறையாக நான் உரக்கக் கத்தினேன்:

“அஞ்சலை, விடு!”

அவள் விட்டாள். ஓடிய வேகத்தில், பந்து போன திசையிலேயே, ஓங்கி ஒன்று விட்டாள். பந்து கோட்டைத் தாண்டி வேலியில் மோதியது. தற்காப்பவர் வேண்டுமென்றே பந்தைத் தம் கோட்டுக்கு வெளியே அடித்தால் எதிரணிக்கு ஷார்ட் கார்னர் என்னும் கோல் வாய்ப்பு. அதில் அவர்கள் கோல் போட்டார்கள். செமி போயிற்று.

“ஏன் அடித்தாய்?” என்றேன்.

“நீங்கதான டீச்சர் வுடுன்னீங்க? அதான் ஒன்னு வுட்டேன்.”

அகராதி அவள் பக்கமும் இருந்தது. மல்லிகா அவள் தலையைத் தட்டினாள். “அழுவாதடி. இன்னா அடி அது! வேலியே ஆடிப்போச்சு.”

3. தூது

திங்கட்கிழமை பியூன் கன்னியப்பன் வகுப்பு வாசலில் வந்து நின்றார். “ஹெச்.எம். அம்மா பொண்ணுங்கள வெளையாட வுட சொன்னாங்க டீச்சர்.”

எனக்கு வியப்பு, எனினும் மேலிடத்து ஆணை. மாலையில் சின்னவர்களை ஓரணியாகவும் பெரியவர்களை எதிரணியாகவும் ஆடவிட்டேன். தலைமையாசிரியை விரைந்து வந்தார், பின்னால் கன்னியப்பன்.

“யாரைக் கேட்டு ஆடுறாங்க?”

“நீங்கதாம்மா சொன்னீங்க, வெளையாட வுட சொல்லுன்னு,” என்றார் கன்னியப்பன்.

“வெளையாட்ட விடச் சொல்லுன்னேன்யா!”

“அதத்தாம்மா நானும் சொல்லிக்கினு கீறேன்.”

ஒரு ‘ட்’ இடையில் எங்கோ விழுந்திருந்தது. தலைமையாசிரியை என்னை முறைத்தார். திடலில் அந்நேரம் அஞ்சலை மல்லிகாவிடமிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு ஓட, மல்லிகா மண்ணில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியை அதைச் சற்று நேரம் பார்த்தார்.

“சரி, விடும்மா,” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

பணிக்குப் புதிதாக வருவோருக்கு நான் கூறக்கூடியது இதுதான். திடலில் நின்று கத்தும்போது இரு பொருள் தரும் சொல்லைத் தவிர்க்க வேண்டும். மேலதிகாரி அத்தகைய சொல்லை ஆளும்போது விளக்கம் கேட்பதைத் தவிர்க்க வேண்டும். நான் கேட்கவில்லை. மறுநாள் மாலையும் விசில் ஊதினேன்.