தம்பி முந்திக்கொண்ட மெட்ரோ

என் தம்பி ஓரெஸ்தேக்குப் பசி எடுப்பதுபோல வேளாவேளைக்குப் பொறாமை எடுக்கும். சின்ன வயதில் அம்மா ஃபொக்காச்சா ரொட்டியை வெட்டும்போது மொறுமொறுப்பான மூலைத் துண்டு எப்போதும் கடைக்குட்டி ஃபுல்வியோவுக்குத்தான் போகும். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. இத்தனைக்கும் ஓரெஸ்தே ஐம்பதைத் தாண்டிவிட்டான்.

ஜெனோவாவில், செர்த்தோசா பக்கம், பிரின் மெட்ரோ நிலையத்துக்கு எதிரே முடிவெட்டும் கடை வைத்திருக்கிறான். மேலே பாலத்தில் ரயில் வந்து நின்றால் இவன் கத்தரியும் நிற்கும். கடையைச் சாத்தியதும் கணினியில் ரயில் ஓட்டும் விளையாட்டு. பெர்லின், வியன்னா எல்லாம் ஓட்டி முடித்துவிட்டான். எங்கள் ஊர் மட்டும் அதில் இல்லை. எட்டே நிலையம் உள்ள குட்டி மெட்ரோவை யார் சீந்துவார்கள்?

நான் சேர்க்க வைக்கிறேன் பார் என்று கிளம்பினான். விளையாட்டுக் கம்பெனியின் இணையப் பக்கத்தில், நிஜமாக ஓடும் எந்தத் தடத்தையும் சேர்க்கச் சொல்லி யாரும் எழுதலாம். ஒரு தடத்துக்கு ஒரே கோரிக்கைதான். இன்னொருவர் அதையே எழுதினால் தூக்கிவிடுவார்கள். பிடித்தவர்கள் ஓட்டுப் போடுவார்கள். நிறைய ஓட்டு வாங்கியது விளையாட்டில் வரும்.

எல்லாம் கச்சிதமாக இருக்க வேண்டும் என்று இரண்டு வருஷம் எழுதாமலே இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு நடைமேடையாகப் போய்ப் படம் எடுப்பான். சத்தம் பிடிக்கிற மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் நிற்க வேண்டும். எனக்கோ வாயை மூடிப் பழக்கமில்லை.

"வாயைத் தொறக்காதேன்னு சொன்னேனாக்கா இல்லையா? இதுலயும் உன் புலம்பல் விழுந்துடுச்சு."

"அப்ப மைக்க ஒரு கம்பத்துல கட்டி வச்சுக்க. கம்பத்துக்குக் கால் வலிக்காது."

போன ஈஸ்டர் விருந்துக்கு டுரினிலிருந்து ஃபுல்வியோ வந்திருந்தான். அவனுக்கும் அதே விளையாட்டுப் பைத்தியம். இரண்டு கோப்பை ஒயின் உள்ளே போனதும் ஓரெஸ்தே தன் திட்டத்தை ஒன்றுவிடாமல் கொட்டினான். அந்த வாரமே ஃபுல்வியோ தன் பெயரில் ஜெனோவா மெட்ரோவை எழுதிப் போட்டுவிட்டான். மொத்தமே எட்டு வரி.

ஓரெஸ்தே கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "பாத்தியாக்கா? டுரின்ல உக்காந்துக்கிட்டு என் மெட்ரோவ எழுதுறான். மூலைத் துண்டு தின்னு வளந்த உடம்பு."

அவனுக்கு மிஞ்சியது ஒன்றுதான்: தம்பியின் கோரிக்கைக்குக் கீழே மறுப்பு எழுதுவது. செர்த்தோசா சுரங்கம் பழைய டிராம் சுரங்கம், அது கூடத் தெரியவில்லை இவருக்கு என்று ஒரு நாள். பிரின் நிலையம் தரைக்குக் கீழே என்கிறாரே, கண் தெரியுமா என்று மறுநாள். தம்பியின் மானத்தை உலகம் பார்க்க வாங்குகிற ஆனந்தத்தில் வாடிக்கையாளர் ஒருவரின் கிருதாவைக்கூட ஏற்ற இறக்கமாக வெட்டி அனுப்பினான்.

ஒரு மாதம் கழித்து ஃபுல்வியோ எனக்குப் போன் செய்தான்.

"அண்ணன நிறுத்தவேணாம்னு சொல்லுக்கா. யாராவது பதில் போட்டா அந்தக் கோரிக்கை பக்கத்தோட உச்சிக்கு ஏறிடும். அவரு திட்டத் திட்ட எனக்கு ஓட்டு விழுது. போலந்துக்காரனெல்லாம் போட்டிருக்கான்."

ஓரெஸ்தேயிடம் சொன்னேன். முகம் சுண்டிப்போயிற்று. அன்றோடு எழுதுவதை நிறுத்தினான். கோரிக்கையும் கல்லைக் கட்டிவிட்டதுபோல அடிப் பக்கங்களுக்குப் போய்விட்டது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. பாவம், அவன் ஆசைப்பட்ட மெட்ரோதானே அதுவும்.

பிறகு ஒரு நாள் மிலானின் தடம் ஒன்று ஓட்டில் முதலிடத்துக்கு வந்தது. மிலான்காரர்கள் கோடை வந்தால் எங்கள் கடற்கரையில் துண்டை விரித்துக்கொண்டு, கடல் சின்னதாக இருக்கிறது என்று குறை சொல்கிறவர்கள். ஓரெஸ்தே கடைக்குள் நடந்தான், உட்கார்ந்தான், மறுபடி நடந்தான்.

"தம்பி ஜெயிச்சா வயிறு எரியும். மிலான் ஜெயிச்சா நான் செத்தே போயிடுவேன்க்கா."

அன்றிலிருந்து தெரிந்தே திட்டினான். காலையில் ஒரு மறுப்பு, மாலையில் ஒரு மறுப்பு. ஃபுல்வியோவும் சளைக்காமல் பதிலுக்குத் திட்டினான். அண்ணன் தம்பி சண்டையை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் போகிற போக்கில் ஓட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள். ஜெனோவா ஜெயித்தது.

கம்பெனி ஃபுல்வியோவிடம் நடைமேடைச் சத்தங்கள் கேட்டது. அவனிடம் ஏது? வண்டி பிடித்து வந்து அண்ணன் கடை நாற்காலியில் உட்கார்ந்தான். ஓரெஸ்தே அவன் கழுத்தில் துணியைக் கட்டி, சவரக்கத்தியைத் தீட்டினான்.

"குடுக்கலன்னா என்ன பண்ணுவாங்க?"

"வேற ஊரு மெட்ரோ சத்தத்தப் போட்டுருவாங்கண்ணே."

கத்தி அப்படியே நின்றது. பாதி தாடியோடு தம்பியை உட்கார வைத்துவிட்டு, உள்ளே போய் இரண்டு வருஷச் சத்தத்தையும் எடுத்து வந்து கொடுத்தான்.

விளையாட்டு வந்த அன்று மூவரும் கடையில் கூடினோம். நன்றி சொல்லும் இடத்தில் ஃபுல்வியோ பெயர் இல்லை, ஓரெஸ்தே பெயரும் இல்லை. ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் என்று பொதுவாகப் போட்டிருந்தார்கள். மற்றவனுக்கும் இல்லை என்பதில் இரண்டு பேருக்கும் ஒரு நிம்மதி.

ஓரெஸ்தே ரயிலை ஓட்டினான். பிரின், சுரங்கம், டினெக்ரோ. கதவு திறந்தது. கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல்:

"ஓரெஸ்தே, போதும்டா. கால் கடுக்குது, வீட்டுக்குப் போலாம்."

என் குரல். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஓரெஸ்தே என்னை முறைத்தான். அம்மா ரொட்டி வெட்டும்போது முறைப்பானே, அதே முறைப்பு. பிறகுதான் குரல் கூப்பிட்ட பெயர் அவன் காதில் ஏறியது. ரயிலைப் பின்னால் கொண்டுபோய் மறுபடி டினெக்ரோவுக்கு வந்தான். மறுபடியும் வந்தான்.

ஃபுல்வியோ எழுந்து கோட்டை மாட்டினான். "எழுதிப் போட்டது நானு. பேரு அவருக்கா?" சாப்பிடக்கூட இல்லை.

மறுநாள் அந்தப் பக்கத்தில் டுரினிலிருந்து ஒரு புகார் வந்திருந்தது: டினெக்ரோ நிலையத்தில் அப்படி ஒரு பெண் நிற்பதே இல்லை, அந்தக் குரலை நீக்க வேண்டும்.

"உன் அக்காவையே இல்லைங்கிறான். பதில் போடலியாடா?" என்று கேட்டேன்.

ஓரெஸ்தே ஒரு கிழவரின் தாடையில் நுரை தடவிக்கொண்டிருந்தான். "பதில் போட்டா மேல ஏறிடும்க்கா."