இந்தியில் வராத வசவு

பாகிஸ்தானோடு போர் தொடங்கிய வாரம், காலை பத்தே காலுக்கு, கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதியாக வந்த வங்காளிக் குடும்பத்துப் பையன் எங்கள் தீவுக் கல்லூரியில் என் மகனைப் “பாகிஸ்தானி” என்று சொல்லி அறைந்தான். நாங்கள் ராமநாதபுரத்து முஸ்லிம்கள். அறைந்தவன் படிப்பையே ஒழித்துவிடும் வெறியோடு, நான் வேலை பார்த்த சாத்தம் மர மில்லிலிருந்து ஓடினேன்.

விசாரித்தவர் குட்டையான மலையாளி வாத்தியார். சண்டைக்காரர்கள் தாய்மொழியில் பேசக்கூடாது, தீவின் பொதுமொழியான இந்தியில்தான் பேசவேண்டும் என்பது அவர் வழக்கம்.

“இந்தியில சொல்லுங்க, பாய்.”

“என் வசவெல்லாம் தமிழ்லதான் சார் இருக்கு!”

“அதனாலதான்.”

எனக்கு வந்த இந்தி, “மேரா பேட்டா ரோயா” மட்டும்தான். ‘என் மகன் அழுதான்’ என்று அர்த்தம். கோபத்தைக் கொட்டவிடாத அந்த மனிதர்மேல் இன்றும் எனக்குக் கோபம்தான்.

கடைசியாக, சௌல்தாரி கிராமத்திலிருந்து பஸ் பிடித்து, அறைந்த பையனின் அம்மா வந்தாள். அவளுக்கும் ஓட்டை இந்திதான்.

“எங்க வீட்டை எரிச்சவங்க முகம் எனக்குத் தெரியும், அண்ணா. அது உங்க மகன் முகமில்ல. இவனை நீங்களே அடிங்க. படிப்புல மட்டும் கை வைக்காதீங்க.”