மாயக்காளிடம் பொய் செல்லாது

"மாமா பஸ்ஸு ஏறிட்டாராம் ஆத்தா. சிலமலை தாண்டியாச்சாம். இந்தா வந்துருவாரு."

தாயின் காலைப் பிடித்துவிட்டபடியே சுப்புத்தாய் சொன்னாள். கயிற்றுக் கட்டிலில் சுருண்டு கிடந்த மாயக்காள் கண்ணைத் திறந்தாள். உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு.

"ஏண்டி, அது நாஞ் சொல்றதுல்ல? எங்கிட்டயே விக்கிறியா?"

சுப்புத்தாய்க்கு முகம் சுண்டிப்போனது. ஆமாம், அது ஆத்தாவுடைய பொய்தான். பதினாறு வருடம் சொல்லிச் சொல்லி அவள் வாயிலேயே தேய்ந்த பொய்.

போடியிலிருந்து மலைக்கு ஏறும் ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில், கன்னியாஸ்திரிகள் நடத்திய ஓட்டு வீடு ஒன்று இருந்தது. மொத்தம் பதினொரு கட்டில்கள். பெரியாஸ்பத்திரியில் 'இனி வீட்டுக்குக் கொண்டுபோங்க' என்று கையை விரித்த பிறகு, கொண்டுபோக வீடில்லாதவர்கள் வந்து சேரும் இடம் அது. பெரும்பாலும் ஏலத்தோட்டங்களில் உழைத்து நெஞ்சு கரைந்தவர்கள். ஊர்க்காரர்கள் அதைக் 'கடைசி வீடு' என்றார்கள். மாயக்காள் அங்கே ஆயா.

அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது ஓர் ஆறாத புண். அறுபத்தொன்பதாம் வருடம் அவள் புருசன் மலைமேல் தோட்டத்து லயக் குடியிருப்பில் காய்ச்சலில் கிடந்து, பக்கத்தில் ஓர் ஆளில்லாமல் செத்துப்போனான். ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே ஜீப்பில் அவனை இறக்கியபோது வாய் திறந்தபடி இருந்தது. 'ஒரு வாய் தண்ணி கேட்டுருப்பாரு, ஒரு வாய் தண்ணி கேட்டுருப்பாரு' என்று மாதக்கணக்காகப் புலம்பினாள். ஒருநாள் புலம்பலை நிறுத்திவிட்டு, யார் யார் வாய்க்கோ தண்ணீர் விடப் போய்விட்டாள்.

துடைப்பதும் புரட்டிப் படுக்கவைப்பதும் புண் கழுவுவதும்கூட அவளுக்குப் பழகிவிட்டன. அவர்கள் கேட்கிற கேள்விதான் பழகவில்லை. 'எம்மகன் வர்றானா?' 'எந்தங்கச்சி வருதா?' எல்லாருக்கும் அவள் ஒரே பதிலை வைத்திருந்தாள். 'பஸ்ஸு ஏறியாச்சாம் அப்பு. இந்தா வந்துருவாக.' அதைக் கேட்டுக்கொண்டே அவர்கள் அடங்கிப்போவார்கள்.

வீட்டுக்கு வந்தால், கட்டிய சேலையோடு பின்பக்கம் நின்று தலைக்கு ஊற்றிய பிறகுதான் மகளைத் தொடுவாள். சோற்றைப் பிசைந்து ஊட்ட உட்காருவாள். உருண்டை கையில் இருக்க, உட்கார்ந்தபடியே தூங்கிப்போவாள். ஐந்து வயதுச் சுப்புத்தாய் அந்தக் கையைத் தன் வாய்க்கு இழுத்துத் தானே தின்றுகொள்வாள்.

எழுபத்தெட்டில் தேவாரத்தில் மாயக்காளின் அண்ணன் ஒச்சப்பனின் மகள் முனியாயிக்குச் சடங்கு. முதல் தண்ணீர் ஊற்ற வேண்டிய ஒரே அத்தை மாயக்காள். அன்று விடியலில் கடைசி வீட்டில் இரண்டு கட்டில் காலியாகியிருந்தது. இரண்டு தடவை குளித்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். ஊற்றினாள். நாலு வருடம் கழித்து முனியாயி தலைப்பிரசவத்தில் போய்விட்டாள்.

"பொணத்தத் தொட்ட கையால எம்பிள்ளைக்குத் தண்ணி ஊத்துனவளே! இனி என் வாசல மிதிச்சிராத!" என்று இழவு வீட்டில் கூட்டத்துக்கு நடுவே கத்தினார் ஒச்சப்பன்.

கொடுமை என்னவென்றால், மாயக்காளும் அதைப் பாதி நம்பினாள். மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனாள். குளிக்கும் நேரம் மட்டும் கூடிப்போனது.

இப்போது வருடம் எண்பத்தாறு. மாயக்காளின் வயிற்றில் புற்று. கடைசி வீட்டுக்கு அவள் போகமாட்டேன் என்றுவிட்டாள். "எனக்கொரு கட்டில் போட்டா, வீடில்லாத ஒரு சீவன் வெளிய நிக்குமேடி." சுப்புத்தாய் ஏலக்காய் பிரிக்கும் வேலைக்குப் பாதி நாள் போவதும் ஓடி வருவதுமாக இருந்தாள். கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்துவிட்டது. ஆத்தாவிடமிருந்து தினமும் அதே கேள்வி: "அண்ணன் வருதா?"

அந்தக் கேள்விக்குத்தான் அவள் இன்று ஆத்தாவின் பொய்யையே எடுத்து நீட்டி மாட்டிக்கொண்டாள்.

மாயக்காள் மூச்சு வாங்கிப் பேசினாள். "அவுகளுக்கு நாஞ் சொன்னது செல்லுச்சு. எனக்குத்தான் உள்சங்கதி தெரியுமே, எனக்கு எப்படிடி செல்லும்? நீ போ. நேர்ல கேட்டுட்டு வா. அண்ணன் என்ன சொன்னாலும், என்ன செஞ்சாலும், அப்படியே கொண்டா. ஒரு சொல்லு கூட்டாத, கொறைக்காத."

பக்கத்து வீட்டு மருதாயியைக் காவல் வைத்துவிட்டுச் சுப்புத்தாய் தேவாரத்துக்குப் பஸ் ஏறினாள்.

ஒச்சப்பன் முற்றத்தில் உட்கார்ந்து, காட்டில் யானை விரட்டத் தட்டும் தகர டின்னுக்குக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு, கடைசி வீட்டுக்காரி மகளா? என்ன, எனக்கும் கட்டில் போட்டாச்சா?"

"கட்டில்ல ஒங்க தங்கச்சி கெடக்கு மாமா. ரெண்டு மூணு நாளு தாங்குறதே பெருசு. ஒங்களப் பாக்கணும்னு கெடக்கு."

கம்பி அவர் கையிலிருந்து நழுவியது. எழுந்தார். கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டார். சுவரோரம் கிடந்த டயர்ச் செருப்பில் ஒரு காலை நுழைத்தார், மறு காலையும் நுழைத்தார். வாசலை நோக்கி இரண்டு எட்டு வைத்தார்.

உள்ளேயிருந்து மாமாவின் பெண்சாதியான அத்தையின் குரல் வந்தது. "போறதுன்னா போங்க. எம்மக படத்த ஒருக்காப் பாத்துட்டுப் போங்க."

ஒச்சப்பன் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. வெகுநேரம் நின்றுவிட்டு, செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மறுபடியும் டின்னுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"வரலைன்னு சொல்லிரு தாயி." கீழே கிடந்த கம்பியை எடுத்தார்.

திரும்பி வந்த பஸ்ஸில் சுப்புத்தாய் ஆயிரம் பொய்களைக் கட்டிக் கட்டிக் கலைத்தாள். மாமாவுக்குக் காய்ச்சல். மாமா நாளைக்கு வர்றார். மாமா அழுதார். ஒன்றையும் முழுதாகக் கட்ட முடியவில்லை. அலுப்பு அவளை அடித்துப் போட்டிருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கட்டிலடியில் உட்கார்ந்து, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். டின்னு, கேலி, துண்டு, செருப்பு, அத்தையின் குரல், கடைசியில் அந்த 'வரலை' வரைக்கும்.

மாயக்காள் தலையை மகள் பக்கம் திருப்பினாள்.

"செருப்ப மாட்டுச்சா?"

"மாட்டுச்சு ஆத்தா."

"ரெண்டு காலுமா?"

"ரெண்டு காலும். மாட்டிட்டு ரெண்டு எட்டும் வச்சுச்சு."

மாயக்காளின் கண்ணோரம் நீர் கோத்தது. கூடவே பழைய சிரிப்பும் வந்தது. "இது நெசந்தான். இதயெல்லாம் கட்டிச் சொல்ல ஒனக்கு அம்புட்டுக் கூறு கெடையாதுடி."

அன்றைக்கு அரை டம்ளர் கஞ்சி குடித்தாள். மகளின் முகத்தைத் தடவிப் பார்த்து, "செத்த நேரம் படு. ஒனக்கும் ஒடம்புதான" என்றாள். சுப்புத்தாய் கட்டிலடியில் வெறுந்தரையில் சாய்ந்தவள், அடித்துப்போட்டாற்போல் தூங்கிவிட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் மாயக்காள் அடங்கிப்போனாள். இடையில் ஒருமுறைகூட, அண்ணன் வருதா என்று அவள் கேட்கவில்லை.