குழாயைத் திருப்பிய தசரதன்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். ரெகே பாட்டின் கொச்சைச் சொற்கள் பல, ஜமைக்காவில் தெருவில் ஸ்பீக்கர் அடுக்கிப் பாட்டுப் போட்டவர்களிடம் பிறந்தவை என்று போன மாதம் படித்தேன். நம் மைக் செட்காரர்களுக்கும் அப்படி ஒரு மொழி இருந்தது. அலைந்து சேகரித்தவன் நான். புத்தகமாக்கிப் பெயர் வாங்கியவர் என் பேராசிரியர். முன்னுரையில்கூட நான் இல்லை.

எழுபதுகளின் நடுவில் ஓர் ஆடி ஞாயிறு. சென்ட்ரலில் காலை ஆறு மணி ரயில், ஏழேகாலுக்குக் கவரைப்பேட்டை. அங்கிருந்து பெரியபாளையம் சுமார் பதினேழு கிலோமீட்டர், மைக் செட் தசரதனோடு சைக்கிளில். அவர் கேரியரில் ஒலிபெருக்கிக் குழாய், என்னுடையதில் இசைத்தட்டுப் பெட்டி. வழியில் நாஷ்டாவோடு சேர்த்து இரண்டு மணி நேரம். (நாலு இட்லி அறுபது பைசா. சட்னி சுமார்தான்.)

ஆடித் திருவிழாவுக்கு அங்கே அம்மன் கோயிலருகே எதிரெதிராக இரண்டு செட்டுகள் கட்டுவார்கள். ஒருவர் தன் குழாயை மற்றவர் பக்கம் திருப்பினால் அது போட்டிக்கு அழைப்பு. அறுபதுகளில் அதை முதலில் செய்தவர் தசரதன். பிறகு அந்தப் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டி சண்டைக்கும் 'குழாயைத் திருப்பிட்டா' என்றே பேச்சு. சொன்னதையே சொல்பவன் 'தேஞ்ச தட்டு'. பேச்சை விடு என்பதற்கு 'ஊசி மாத்து'.

"இன்னா நைனா, நான் தும்முனாலும் எழுதிக்குவியா?" என்றார் தசரதன்.

"காலேஜுக்குண்ணா."

"எழுதிக்கோ. ஆனா கீழ எம்பேரப் போடு. குழாய்லகூட ஓனர் பேருதான் கீது."

போடுகிறேன் என்றேன்.

போன வாரம் தசரதனைத் தேடி மறுபடி போனேன். சேகரித்தவன் நான்தான் என்று அவரிடம் எழுதி வாங்கிப் பேராசிரியரைச் சந்திக்கு இழுக்கத் திட்டம். தசரதன் இறந்து நாலு வருடமாம். அவர் மனைவி பழைய தட்டச்சுத் தாள்கட்டு ஒன்றை எடுத்து வந்தார். அந்தக் காலத்தில் நான் பெருமையாக அனுப்பிய என் ஆய்வேடு; பேராசிரியர் புத்தகமாக்கியது இதைத்தான்.

"அவருக்குப் படிக்கத் தெரியாது நைனா. 'எம்பேரு எங்க கீது பாரு'ன்னு பக்கம் பக்கமா பொரட்டச் சொன்னாரு. பேஜாராப் பூட்சு. அப்பால, 'ஊசி மாத்து'ன்னுட்டாரு."

புரட்டினேன். 'தகவலாளர்: ஒலிபெருக்கித் தொழிலாளி ஒருவர்' என்றிருந்தது. என் வாசகம்தான். பேராசிரியர் கைவைக்காத ஒரே வரி.

பெரியபாளையம் போகிறவர்களுக்கு: ஆடி ஞாயிறு கூட்டம் தாங்காது, வாரநாளில் போங்கள். யாரிடமாவது கதை கேட்டால் முதலில் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பேராசிரியரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனாலும் இதில் என் பெயரைப் போடப்போவதில்லை.

சொற்கள்: தசரதன், மைக் செட், கவரைப்பேட்டை.