கறுப்பு பீரைக் காலி செய்த கதை

கவுண்டருக்குப் பின்னால் நின்று சரக்கு விற்றவர்களுக்குத் தெரியும்: குடித்துவிட்டு வம்பு பண்ணுகிறவனைச் சமாளித்துவிடலாம், குடிப்பதற்கு முன்பே யோசிக்கிறவனைத்தான் சமாளிக்க முடியாது. இந்த விஷயத்தில் என் அளவுக்கு அவதிப்பட்டவர் யாராவது இருந்தால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

அரசாங்கம் மதுவிலக்கை எடுத்த புதிது. திருவிடைமருதூர் பக்கத்தில் சிங்காரம் என்பவர் பீர்க்கடை எடுத்து, பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுச் சும்மா இருந்த என்னைக் கவுண்டரில் நிறுத்தினார். வழக்கமான பீரோடு, எங்கும் விலை போகாத கறுப்பு பீரையும் பெட்டி பெட்டியாக அவர் தலையில் கட்டியிருந்தார்கள். "இது காலியானா நீ கடையில நில்லு. இல்லைன்னா அரிவாளை எடுத்துக்கிட்டு உங்கப்பாவோட மிராசுதார் வயலுக்குப் போ" என்று சொல்லிவிட்டார்.

அந்த மிராசுதார், கூலி உயர்த்திக் கேட்டதற்காக என் அப்பாவை நெற்களத்தில் எல்லார் முன்னாலும் அடா புடா என்று பேசியதைக் கண்ணால் பார்த்தவன் நான். செத்தாலும் அந்தக் களத்தில் கால் வைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். ஆகவே கறுப்பு பீரை விற்றே தீர வேண்டும்.

முதல் வாய்

விற்கிறவனுக்கு ருசி தெரிய வேண்டாமா? என் சம்பளத்தில் முழு பாட்டில் கட்டாது. நானும் கல்லாவில் உட்காரும் கோவிந்தராசு அண்ணனும் பாதிப் பாதி போட்டு ஒன்றை வாங்கினோம். முதல் வாய், அடிப்பிடித்த சோற்றைக் கரைத்துக் குடித்தது போல இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதை யார் தலையில் கட்டுவது?

ஆனாலும் விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துப் பார்த்தேன். நாலாவது வாயில் வறுத்த கடலை வாசனை வந்தது, அதற்கப்புறம் நாக்கின் ஓரத்தில் லேசாகக் கருப்பட்டி. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அண்ணே, இது கெட்டுப்போன சரக்கு இல்லண்ணே" என்றேன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே சொன்னார்: "கெட்டுப்போகலதான் தம்பி. கெட்டுப்போயிருந்தா இதைவிட நல்லாயிருக்கும்."

ஆற்றிக் குடித்தவர்

கறுப்பு பீரை முதலில் கேட்டு வாங்கிய புண்ணியவான் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். அவருக்குக் காப்பியானாலும் பாலானாலும் ஆற்றித்தான் குடிக்க வேண்டும். நான் தடுப்பதற்குள் இரண்டு கிளாஸ்களை வாங்கி, ஒரு முழ உயரத்துக்கு மேலும் கீழுமாக ஆற்ற ஆரம்பித்துவிட்டார். நுரை பொங்கி கவுண்டர், அவர் சட்டை, கோவிந்தராசு அண்ணனின் மடி எல்லாவற்றையும் நனைத்தது.

போச்சு, விற்ற ஒன்றும் திரும்பி வரப்போகிறது என்று துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாத்தியாரோ கிளாஸில் மிஞ்சியிருந்த நுரையைப் பூரிப்போடு பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க வீட்டு காப்பியில ஒரு நாளாவது இப்படி நுரை வந்திருக்கா? இன்னொண்ணு எடுங்க தம்பி!"

சுக்கு, மிளகு, பீர்

வாத்தியார் பேச்சை நம்பி உரக்கடைக்காரர் ஒருவர் வீட்டுக்கு ஒரு பாட்டில் வாங்கிப் போனார். அவருக்குச் சளி பிடித்திருந்தது. பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்த அவர் மனைவி, நிறத்தையும் கசப்பு வாடையையும் வைத்து வைத்தியர் கொடுத்த கஷாயம் என்று முடிவு கட்டிவிட்டார். சுக்கும் மிளகும் தட்டிப் போட்டு, பாதியாகச் சுண்டக் காய்ச்சி, சுடச்சுடக் கொடுத்திருக்கிறார். மனுஷனுக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. மடமடவென்று குடித்துவிட்டார்.

மறுநாள் காலி பாட்டிலோடு வந்து நின்றார். "சளி போயிடுச்சு, ஒத்துக்கிறேன். போதை எங்க போச்சு, அதைச் சொல்லு முதல்ல!"

நாலு பேருக்கு ஒன்று

கூலிக்காக வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த நாட்கள். எங்கள் தெருவைச் சேர்ந்த சங்கத்து ஆட்கள் நாலு பேர் வந்தார்கள். கையிலிருந்ததைக் கூட்டிப் பார்த்தால் ஒரு பாட்டிலுக்குத்தான் வந்தது. எதிர் டீக்கடையில் எங்கள் தெருக்காரர்களுக்குத் தனி கிளாஸ். எங்கள் கடையில் எல்லோருக்கும் ஒரே கிளாஸ்தான். சமத்துவமெல்லாம் இல்லை, இரண்டு தினுசு வாங்க சிங்காரத்துக்கு மனசு வரவில்லை.

நான் கறுப்பைத் திறந்து நாலாகப் பிரித்து ஊற்றினேன். "மடக்குனு குடிக்காதீங்க. வாய்ல வச்சுப் பாருங்க, கடலை வாசனை வரும்" என்றேன். அவர்கள் நாளைய மறியலைப் பற்றிப் பேசிப் பேசிச் சொட்டுச் சொட்டாகக் குடித்தார்கள். எழுந்திருக்கும்போது மூத்தவரான வீரையன் சொன்னார்: "ஒரு பாட்டில்ல ஒரு கூட்டமே நடத்திடலாம் போலிருக்கே. இனிமே நமக்கு இதான்."

அதிலிருந்து பெட்டிகள் குறைய ஆரம்பித்தன.

வெள்ளி டம்ளர்

கடைக் கட்டிடம் அந்த மிராசுதாருடையது. ஒரு மத்தியானம் இடத்தைப் பார்க்க வந்தார். பின்னாலேயே அவருடைய வெள்ளி டம்ளரை ஏந்திக்கொண்டு ஓர் ஆள். வெளியே எங்கே போனாலும் சொந்த டம்ளர், அதிலும் உதடு படாமல் அண்ணாந்துதான் குடிப்பார். பெஞ்சில் வீரையனும் மற்ற மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.

மிராசுதார் கறுப்பு பீரைக் காட்டி, "அது என்ன, அதை ஊத்து" என்றார். சிங்காரம் என் காதில், "நீ பின்னால போ, நான் பாத்துக்கிறேன்" என்றார். "விக்கச் சொன்னது என்னைத்தானே முதலாளி? நானே ஊத்துறேன்" என்று வெள்ளி டம்ளரில் ஊற்றினேன். "அண்ணாந்து குடிக்காதீங்க, நுரை ஏறும்" என்றும் சொன்னேன்.

"எனக்குக் குடிக்கச் சொல்லித் தர்றியா?" என்று டம்ளரைத் தூக்கினார். நுரை தொண்டைக்குப் போகாமல் மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. அவர் போட்ட தும்மலில் டம்ளர் பெஞ்சுக்கு அடியில் உருண்டது. நாலு பேரும் தரையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. இருந்தாலும் கடைக் கிளாஸ் ஒன்றை எடுத்து, மிச்சத்தை ஊற்றி அவர் முன்னால் நீட்டினேன். தட்டிவிட்டால் என் வேலையும் அதோடு போச்சு.

அவர் கிளாஸைப் பார்த்தார், பெஞ்சிலிருந்த நாலு கிளாஸ்களையும் பார்த்தார். "எல்லாருக்கும் இதே கிளாஸா?"

"இதேதாங்க. வாய் வச்சு மெதுவா குடிக்கணும்."

"சாமிக்கண்ணு மவன்தானே நீ?"

"ஆமாங்க." கையை நான் இறக்கவில்லை.

வாங்கினார். வாய் வைத்தார். ஒரு வாய், சற்றுப் பொறுத்து இன்னொரு வாய். அதற்குள் சிங்காரம் வெள்ளி டம்ளரைத் தேடி எடுத்து, கழுவித் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். மிராசுதார் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது கிடக்கட்டும்யா. இன்னொரு பாட்டிலை எடுக்கச் சொல்லு, இதுலயே ஊத்தட்டும்."

மறுபடி மதுவிலக்கு வந்து கடையை மூடும்வரை நான் அரிவாளைத் தொடவில்லை என்பது இருக்கட்டும், அந்த மிராசுதார் கூலியை உயர்த்த ஊரே ஓர் அறுவடை முழுக்கப் போராட வேண்டியிருந்தது, எங்கள் கிளாஸில் வாய் வைக்க ஒரு தும்மல் போதுமாயிருந்தது.